காவல் கோபுரத்துக்கு ஓடிய கேப்டன்

பத்து காவான் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் குமுதாவின் மகள் ஷர்மினி ராணுவத்தில் சேர்ந்தபோது, இரண்டே மாதத்தில் திரும்பி வந்துவிடுவாள் என்றுதான் பட்டர்வொர்த் சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். ஒன்பது வருடத்தில் அவள் கேப்டன் ஆனாள். ஐ.நா. அமைதிப்படையோடு தென் லெபனானுக்கும் போனாள்.

அங்கே ஒரு காலையில் முகாமைச் சுற்றிக் குண்டுகள் விழத் தொடங்கின. பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓடிவந்த அறுபது பேர் பதுங்கு அறையில் ஒடுங்கியிருந்தார்கள். முகாம் அன்று ஷர்மினியின் பொறுப்பு. வாசலை அடைத்து, மணல்மூட்டைகளுக்குப் பின்னால் ஆட்களை நிறுத்தினாள். அந்த நேரத்தில் காவல் கோபுரத்தின் மேல்தளம் சிதறியது. அங்கே கார்ப்பரல் சுகுமாரன் தனியாக இருந்தான்.

“குண்டுச் சத்தம் அடங்கட்டும், புவான்,” என்று மேலதிகாரிக்குரிய மரியாதையோடு மலாயில் தடுத்தார் சார்ஜெண்ட் ஹக்கீம்.

“அதுவரைக்கும் அவன் தாங்க மாட்டான்.”

திறந்த வெளியில் குனிந்து ஓடினாள். கோபுர ஏணியின் பாதியில் பயத்தில் நின்றுவிட்டாள். மேலேயும் போக முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. கம்பியைப் பிடித்தபடி தன்னையே திட்டிக்கொண்டு ஏறினாள்.

சுகுமாரனின் தொடையிலிருந்து ரத்தம் கொட்டியது. இடுப்புப் பட்டையால் இறுக்கிக் கட்டினாள்.

“மேடம், நீங்க போயிருங்க. ரெண்டு பேரும் மாட்டிக்குவோம்.”

“பேசாதே தம்பி. கையைக் கழுத்துல போடு!”

அவனை முதுகில் சுமந்து கடைசிப் படிக்கு வந்தபோது அருகில் குண்டு வெடித்து, இரும்புத் துண்டு அவள் முழங்காலில் பாய்ந்தது. விழுந்தாலும் அவனை விடவில்லை. ஹக்கீம் ஓடிவந்து இருவரையும் உள்ளே இழுத்தார். அதன்பிறகு உதவிப்படை வரும்வரை நான்கு மணி நேரம் படுத்த நிலையிலேயே கட்டளையிட்டாள். கிராமத்தார் ஒருவருக்கும் காயமில்லை.

ஊர் திரும்பியதும் இரண்டு அறுவைச் சிகிச்சை, ஒரு பதக்கம், கோப்பு பார்க்கும் வேலை.

“போதும்லா பாப்பா, இனி ஆபீஸ்லயே இரு,” என்றாள் குமுதா.

“படைப்பிரிவுக்குத் திரும்ப உடற்தகுதித் தேர்வு இருக்கும்மா. அதுல தோத்தா இருக்கேன்.”

முதல் தடவை ஓட்டத்தில் நாற்பது விநாடி பிந்தித் தோற்றாள். சொன்னபடி அடங்கவில்லை. வாரக் கடைசியில் படகேறி ஜார்ஜ்டவுன் போய், கொடிமலையின் செங்குத்தான சாலையில் நடந்தே ஏறினாள். அங்கே சூலியா தெருவில் தங்கியிருந்த சுகுமாரனும் கைத்தடியோடு முடிந்தவரை கூட வந்தான். முழங்கால் வீங்கிய நாட்களில் குமுதா திட்டிக்கொண்டே ஐஸ் ஒத்தடம் கொடுத்தாள்.

எட்டு மாதம் கழித்து மறுபடி ஓடினாள். இந்த முறை ஆறு விநாடி மிச்சம். மறுவாரமே மேஜைச் சாவியை ஒப்படைத்துவிட்டுத் தன் படைப்பிரிவுக்குப் புறப்பட்டாள்.