கும்பிட்ட கைக்கு மதிப்பெண் இல்லை

ஹாசன் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பால் சங்கம். அங்கே பதினாறு வருடமாகப் பால் சோதிப்பவள் ஹேமாவதி. அவள் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூட உள்ளே கொண்டுவர முடியாது. அப்படிப்பட்டவளிடம், ஆன்லைனில் பத்து வாரப் படிப்பு முடித்துச் சான்றிதழ் காட்டினால்தான் இனி வேலை என்று சொல்லிவிட்டார்கள். சொன்ன மகானுபாவர்கள் மாட்டைப் படத்தில் பார்த்திருப்பார்கள்.

பாடம் சுலபம்தான். உயிரை வாங்கியது கலந்துரையாடல். வாரம் ஒரு கேள்வி வரும். பதில் எழுத வேண்டும், கூடப் படிப்பவர் எழுதியதற்கு மறுமொழியும் போட வேண்டும். அதில் தேறாவிட்டால் சான்றிதழ் கிடையாது. ஹேமாவதி எல்லோரும் செய்வதையே செய்தாள். "ரொம்ப நல்லா இருக்கு" என்று எழுதிப் பக்கத்தில் ஒரு கும்பிடு படம் போட்டாள். மூன்று வாரமும் முட்டை. 'கும்பிட்ட கைக்கு மதிப்பெண் இல்லை, நீங்கள் கண்டதை எழுதுங்கள்' என்று குறித்திருந்தார் பாடம் நடத்தும் உமேஷ் சார்.

"மூணு முட்டை இருக்கு. அடை வெச்சிரலாமாம்மா?" என்றாள் மகள் ஸ்பந்தனா.

ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நாலாவது வாரம், பாகல்கோட்டையில் இதே வேலை பார்க்கும் கிரீஷ் எழுதியிருந்தான்: கோடையில் தன் சங்கத்துப் பால் திரிந்துபோகக் காரணம் கறப்பவர்களின் அழுக்குக் கைதான். ஹேமாவதி கீழே போட்டாள்: "தப்பு. உங்களுக்குப் பாலே தெரியாது." அதோடு கிரீஷ் வாயைத் திறக்கவில்லை. மற்றவர்களும் கப்சிப்.

"உண்மையைத்தானே சொன்னேன்?"

"சொன்னே. இனிமே உன்கிட்ட எவன் பேசுவான்?" என்றார் கணவர் தொட்டேகௌடா, ராகிக் களியைச் சாற்றில் புரட்டியபடி.

மறுநாள் காலை சங்கத்துக்குப் பால் ஊற்ற வந்த சித்தம்மாவின் பாலில் விட்ட பால்மானி கழுத்து வரை முங்கியது. ஹேமாவதி வழக்கம்போலக் கேட்டாள்.

"நேத்து பசு எங்கக்கா மேஞ்சுது? மழைப்புல்லா? பால் நீர்த்திருக்கே."

"ஆமாடி, ஏரிப்பக்கம் ஓட்டிட்டேன்." சித்தம்மா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "நாளைக்கு மாத்திக் கட்டறேன்."

இடம் மாற்றிக் கட்டினால் தண்ணீர் போய்விடுமா? இருவருக்கும் விஷயம் தெரியும். நாளைக்குப் பால் கெட்டியாக வரும், அவ்வளவுதான். இத்தனை வருடத்தில் ஒருத்தியையும் அவள் திருடி என்றதில்லை; ஒருத்தியும் கோபித்துக்கொண்டு வேறு சங்கத்துக்குப் போனதில்லை.

கேனைக் கவிழ்க்கும்போதே அவளுக்கு உறைத்தது. தினமும் இங்கே இருக்கிற புத்தி, கைபேசியைக் கையில் எடுத்ததும் எங்கே போனது? வெட்கமாக இருந்தது.

அன்றே எழுதினாள்: "கிரீஷ் தம்பி, அன்னைக்கு நான் எழுதினது முறையில்ல, மன்னிச்சுக்குங்க. எங்க ஊர்ல வண்டி லேட்டானா கேன் வெயில்ல நிக்கும், பால் திரிஞ்சிரும். உங்க ஊர்ல கேன் எங்க நிக்குது? வண்டி எத்தனை மணிக்கு வருது?"

நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது.

"அக்கா, மூணு நாள் நின்னு பாத்தேன். வண்டி ரெண்டு மணி நேரம் லேட். கேனெல்லாம் வெயில்லதான் கெடக்கு."

கோலாரிலிருந்து ஒருத்தி, நாங்கள் ஈரச் சாக்கு போர்த்துவோம் என்றாள். சாக்கைத் துவைப்பது யார் என்று இன்னொருவர் மடக்கினார். பக்கம் களைகட்டியது. ஹேமாவதி ஒவ்வொருவரிடமும் ஏதாவது கேட்டுக்கொண்டே இருந்தாள். பத்தாவது வாரத்துக்குள் தேறுவதற்கு வேண்டிய மதிப்பெண்ணைத் தாண்டிவிட்டாள். வேலை நிலைத்தது.

கடைசி நாள் கிரீஷ் எழுதினான்: "எங்க ஊர்ல கங்கவ்வான்னு ஒரு அம்மா. கை சுத்தமில்லன்னு எல்லார் முன்னாடியும் சொல்லி, ஒரு மாசம் அவங்க பாலைத் திருப்பி அனுப்பினேன். இன்னைக்கு அவங்க வீட்டுக்குப் போய், தப்பு என்னோடதுன்னு சொன்னேன். உக்கார வெச்சு மோர் குடுத்தாங்க அக்கா."

படித்ததும் ஹேமாவதிக்குக் கண் நிறைந்துவிட்டது. இதற்கு என்ன கேட்பது? எதுவும் தோன்றவில்லை. ஒரு கும்பிடு படம் மட்டும் போட்டாள். மதிப்பெண் போனால் போகட்டும்.