ஒன்றும் தெரியாத திரை

சட்டைப்பையிலிருந்து ஒரு சிகரெட்டை எடுத்துப் பற்றவைத்து, ஒரே ஒரு இழுப்பு இழுத்து, புகையை, குடிசைச் சுவரில் ஒளி வாங்கும் குழாயின் வாய்க்கு எதிரே ஊதினார் இலாரியோ. புகைக்குள் மெல்லிய சிவப்புக் கோடு தெரிந்து மறைந்தது. "வெளிச்சம் வருது. ஆனா பேச்சு குழறுது" என்றார். மிச்ச சிகரெட்டைக் காலில் போட்டு நசுக்கினார். புகைக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. ஒரு பெட்டி இரண்டு மாதம் வரும்.

இலாரியோ சிக்காய் எங்கள் ஊரில் வானொலியும் தொலைக்காட்சியும் பழுது பார்ப்பவர். வயது ஐம்பத்தொன்று. மேலே எரிமலைச் சரிவில் மழை கொட்டினால் எங்கள் ஓடையில் சாம்பலும் பாறையும் கலந்து சேற்று வெள்ளம் வரும். அக்கரைப் பாறையில் மட்டம் அளக்கும் கருவி ஒன்று உண்டு. அதன் கம்பியை இரண்டு முறை வெள்ளம் கொண்டுபோனது, மூன்றாம் முறை திருடன் கொண்டுபோனான். பள்ளத்துக்குள் கைபேசி எடுக்காது. அதனால் இலாரியோ நானூறு மீட்டர் வெட்டவெளியை லேசரால் தாண்டினார். அக்கரையில் அந்தச் சிவப்பு ஒளி அணைந்து அணைந்து எரியும். இக்கரைக் குடிசையில் அது எழுத்தெழுத்தாகச் சேர்ந்து, திரையில் சென்டிமீட்டராக நிற்கும். எழுபதைத் தாண்டினால் சாலைத் தடுப்பை இறக்க வேண்டும். ஓடைக்குள் எந்த வண்டியும் இறங்கக் கூடாது.

எதையும் இரண்டாக வெட்டிப் பார்ப்பது அவர் புத்தி. அவரைக்கொட்டைக் குழம்பு தீய்ந்து போனால்கூட, "அடுப்பா, சட்டியா?" என்று கேட்டு மனைவியிடம் வசை வாங்குவார். அன்று காலை திரையில் எண்களுக்கு நடுவே கேள்விக்குறிகள் விழுந்தபோதும் அதைத்தான் செய்தார். தன் கையிலிருந்த சிறு லேசரைக் குழாயின் வாயில் காட்டி, U என்ற எழுத்தை மட்டும் திரும்பத் திரும்ப அனுப்பினார். ஒளி சரிபாதி எரிந்து சரிபாதி அணைவது அந்த எழுத்தில்தானாம். திரையில் வரிசை பிசகாமல் U நிறைந்தது. "இந்தப் பாதி யோக்கியன். கோளாறு அந்தப் பக்கம்" என்று மஞ்சள் மழைச்சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அக்கரைக்கு மேலேயுள்ள நடைபாலம் சுற்றி ஒரு மணி நேர நடை.

திரைக்கு முன்னால் இருப்பவள் நிக்கோலாசா. தடுப்பை ஏற்றி இறக்குவது அவள் வேலை. இலாரியோ வந்தால் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

காரணத்தில் எனக்கும் பங்குண்டு. முன்பெல்லாம் பனிமூட்டம் ஒளியை மறைத்தால் திரையில் வெறும் கோடுகள்தான் நிற்கும். பள்ளிக்கூடம் போக நாள்தோறும் இந்த ஓடையைத் தாண்டுகிற வாத்தியார் நான். "என்ன இலாரியோ ஐயா, உங்க பொட்டி இன்னைக்கும் கோடு போட்டுப் பழகுதா?" என்று பேருந்தே சிரிக்கக் கேட்டவன் நான்தான். மேயர் பார்க்க வந்த அன்றும் கோடுதான். மனிதர் கூனிக் குறுகிப் போனார். மறு வாரமே திரையை மாற்றிவிட்டார்: ஒளி அறுந்தால், கடைசியாக வந்த எண் அப்படியே நிற்கும். எங்களுக்கு ஏகத் திருப்தி.

போன ஆகஸ்டில் ஒரு பகல். மூட்டம் இறங்கியிருந்தது. திரையில் நாற்பத்திரண்டு. நிக்கோலாசா தடுப்பைத் தூக்கினாள். சோளம் ஏற்றிய வண்டியில் அவள் புருஷன் எவாரிஸ்தோவும் இன்னும் மூன்று பேரும் ஓடைக்குள் இறங்கினார்கள். வெள்ளம் அவர்களைக் கொண்டுபோன பிறகும் திரையில் நாற்பத்திரண்டே நின்றது. அந்த எண் இருபது நிமிடத்துக்கு முன்பே செத்த எண்.

இப்போது ஒளி அறுந்தால் திரை கறுத்துவிடும். கறுத்தால் தடுப்பு இறங்கும். ஆனால் இலாரியோவுக்குத் தன் வேலை மீதே நம்பிக்கை போய்விட்டது. தினமும் அக்கரைக்கு நடந்துபோய், திரை கறுக்கிறதா என்று பார்க்க லேசரின் வாயைத் தன் உள்ளங்கையால் மூடி, கைவானொலியில் கேட்கிறார்: "என்ன தெரியுது?" "ஒண்ணும் தெரியலை" என்பாள் நிக்கோலாசா. அதைக் கேட்டால்தான் கையை எடுப்பார். இந்த ஒரு வருஷத்தில் அவர்களுக்குள் பேச்சு இவ்வளவுதான்.

அன்று அவர் போய்ச் சேரும் வரை தடுப்பு இறங்கியே இருந்தது. பேருந்துக்குக் காத்திருந்த நான் குடிசை வாசலில் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேருந்து ஓட்டுநர் ரிகோபெர்த்தோ ஒலிப்பானை அழுத்தி அழுத்தி ஓய்ந்து இறங்கி வந்தான்.

"அம்மா தாயே, நேத்து வந்த நம்பரையாச்சும் போட்டு வெச்சுக்கோயேன். நாங்க போய்க்கிட்டே இருப்போம்ல?"

நிக்கோலாசா அவனை ஏறிட்டுப் பார்த்தாள். அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

கைவானொலி கரகரத்தது. "அனுப்புறேன். படிங்க."

"U. U. U. கேள்விக்குறி. U. W."

"இருங்க." கைவானொலி மறுபடி கரகரத்தது. "சிலந்தி. லேசர் குழாய்க்குள்ள வலை கட்டியிருக்கு. இழையெல்லாம் மழைத்துளி. காத்துல ஆடுது... இப்பப் படிங்க."

"U. U. U. U. U. U."

திரைக்கு எண் திரும்பியது. முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. முப்பத்தெட்டு. எண் அசைவதைக் கண்டதும் எனக்கு மூச்சு வந்தது. நிக்கோலாசா தடுப்புக் கம்பத்தைத் தூக்கினாள். ரிகோபெர்த்தோ ஓடிப்போய் வண்டியைக் கிளப்பினான்.

அதற்குள் திரை கறுத்தது. கம்பத்தைப் பேருந்தின் மூக்கிடிக்க இறக்கினாள். "அடக் கடவுளே, மறுபடியுமா!" என்று உள்ளிருந்து யாரோ கத்தினார்கள்.

"என்ன தெரியுது?" என்றது கைவானொலி.

அவள் அதை எடுத்தாள். மழை வலுத்தது. அக்கரைப் பாறையில் மஞ்சள் சட்டை ஒன்று லேசரின் வாய்மேல் கையை நீட்டியபடி அசையாமல் நின்றது.

"நிக்கோலாசா, என்ன தெரியுது?"

பேருந்து ஒலிப்பானை அடித்தது. அவள் கைவானொலியை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, துணியில் பொதிந்திருந்த சோள அடையை எடுத்து, சின்னச் சின்னதாகப் பிய்த்துத் தின்னத் தொடங்கினாள்.