புதன்கிழமை பூட்டிய கடை

மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றுகிறவர் என்பதால் அவரை எல்லோரும் காயில்காரர் என்றே அழைத்தார்கள். வாய்ச்சொல்லை நம்பும் பழக்கம் அவருக்கு இல்லை. "புது மோட்டாருங்க, ஒரு நாள்கூட ஓட்டலை" என்று வாடிக்கையாளர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும், மூடியைக் கழற்றிக் கருகல் வாசனை வருகிறதா என்று மோந்து பார்த்த பிறகுதான் தலையாட்டுவார். தொழிலில் அந்தக் குணம் சோறு போட்டது. வீட்டில் ஏச்சு வாங்கித் தந்தது.

கடை வாடகை அறைதான். வார்னிஷ் தோய்த்த காயிலைச் சுட்டு உலர்த்தும் அடுப்பைப் பின்சுவரோடு சேர்த்துக் கட்டியிருந்தார். மும்முனை மின்சாரம் அந்தத் தெருவில் அந்த அறைக்கு மட்டுமே உண்டு. அதை விட்டு வேறிடம் போனால் கையைக் கழற்றி வைத்துவிட்டுப் போனதுபோல ஆகிவிடும். எனவே, கட்டடத்தின் சொந்தக்காரரான ஓய்வுபெற்ற கம்பவுண்டர் விற்கப் போவதாகச் சொன்னதும், முன்பணம் கொடுத்து ஒப்பந்தம் எழுதிக்கொண்டார்.

எழுதிய மை காய்வதற்குள் கம்பவுண்டர் நழுவத் தொடங்கினார். கேட்டால் மகன் வரட்டும் என்பார். மகன் வந்து போனால் மழை நிற்கட்டும் என்பார். பிறகு ஒரு செவ்வாய் மாலை அவரே கடை வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, நாளைக்குப் பதிவு ஆபீசுக்கு வந்துடு. முடிச்சிடலாம். கடையைப் பூட்டிட்டு வீட்டம்மாவையும் கூட்டிட்டு வா."

காயில்காரர் அன்றிரவு சோற்றைப் பிசைந்தபடி மனைவியிடம் கேட்டார். "இத்தனை நாள் பிடி கொடுக்காதவர் தானா வந்து கூப்பிடறார். கூப்பிடறவர் எதுக்குக் கடையைப் பூட்டச் சொல்லணும்? உன்னையும் ஏன் கூட்டிட்டு வரச் சொல்லணும்?"

"கூட்டிட்டு வான்னாலும் தப்பு, வராதேன்னாலும் தப்பு. உங்க நிழல் பின்னால வந்தாக்கூட யாரு அனுப்பினாங்கன்னு கேப்பீங்க" என்றாள் மனைவி.

அவர் கேட்கவில்லை. நாம் அங்கே போனதும் இங்கே பூட்டை உடைத்துச் சாமானைத் தெருவில் எறிவார்கள் என்று முடிவு கட்டினார். புதன்கிழமை காலை கடையைப் பூட்டினார். பதிவு அலுவலகம் போகவில்லை. எதிர்த்த தேநீர்க் கடையின் மூலை பெஞ்சில் உட்கார்ந்து, டம்ளர் டம்ளராகக் குடித்துக்கொண்டு, தன் கடைக் கதவையே மாலைவரை பார்த்துக்கொண்டிருந்தார். ஈ காக்கை வரவில்லை.

வந்தது வக்கீல் நோட்டீஸ்தான். குறித்த நாளில் வரவில்லை, ஆகவே ஒப்பந்தம் ரத்து, முன்பணத்தை வாங்கிக்கொண்டு அறையைக் காலி செய்யவும்.

காயில்காரர் நீதிமன்றம் போனார். பணம் வேண்டாம், ஒப்புக்கொண்டபடி அறையையே கிரயம் செய்து தரச் சொல்லுங்கள் என்று வழக்கு. அவருடைய வக்கீலம்மா முதல் நாளே எச்சரித்தார்.

"இந்த மாதிரி வழக்குல, வாங்கறதுக்கு நீங்க தொடக்கத்துல இருந்து தயாரா இருந்தீங்கன்னு காட்டணும். பாக்கிப் பணம் பாங்கியில இருக்கு, சரி. அந்தப் புதன்கிழமை எங்கே இருந்தீங்க?"

மைத்துனன் ஒரு வழி சொன்னான். "காய்ச்சல்னு சொல்லிடுங்க மாமா."

"எதிராளி யாரு? கம்பவுண்டர். எத்தனை டிகிரி, என்ன மாத்திரைன்னு கேட்டா நீ வந்து சொல்வியா? யாரு உனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது?" மைத்துனன் அதற்குப் பிறகு அந்தப் பக்கமே வரவில்லை.

சந்தேகம் வக்கீலம்மாவையும் விடவில்லை. நீதிமன்றக் கேன்டீனில் அவர் எதிர்த்தரப்பு வக்கீலோடு சிரித்துப் பேசியதைப் பார்த்துவிட்டு, என்ன பேச்சு என்று காயில்காரர் நேராகவே கேட்டார்.

"அவர் என்கூடப் படிச்சவருங்க. பொண்ணுக்குக் கல்யாணம்னு பத்திரிகை வெச்சார்."

"பத்திரிகையைக் காட்டுங்க."

வக்கீலம்மா பையைத் திறந்து காட்டினார். காயில்காரர் தேதியைப் படித்துப் பார்த்துத்தான் திருப்பிக் கொடுத்தார்.

சாட்சிக் கூண்டில் ஏறியதும் காயில்காரர் உள்ளதை உள்ளபடியே சொன்னார். சிரிப்பொலி எழுந்தது. "உங்க கடைக்கு நீங்களே ஒளிஞ்சிருந்து காவல் பார்த்தீங்களா?" என்று நீதிபதி கேட்டார். "ஆமாங்கய்யா" என்று தலை குனிந்தார். அறை கைவிட்டுப் போயிற்று என்றே நினைத்தார்.

அடுத்து கம்பவுண்டர். அலுவலகம் திறந்ததிலிருந்து மூடும்வரை அங்கேயே காத்துக் கிடந்ததாகச் சாட்சி சொன்னார். வக்கீலம்மா மெதுவாகக் கேட்டார்.

"அன்னைக்கு அவர் கடைக்குள்ளேயே வேலையா இருந்திருக்கலாமே?"

"உள்ளே எங்கேம்மா இருந்தான்? விளக்குகூட எரியலை. பின்சந்து ஜன்னல் வழியா நானே எட்டிப் பார்த்தேன்!"

"எப்போ?"

"மத்தியானம்" என்ற பிறகுதான் கம்பவுண்டருக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார். காயில்காரர் எழுந்தே விட்டார். "பின்சந்தா! அடடா, நான் முன்பக்கம் மட்டும்தானே பார்த்தேன்!" வக்கீலம்மா அவர் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார்.

நாள் முழுக்கக் காத்திருந்தேன் என்ற கம்பவுண்டரின் பேச்சு அதோடு பொய்யாகிப் போயிற்று. சந்தேகப்படுகிறவன் வாங்க விரும்பாதவன் என்று ஆகாது. பணமும் தயாராக இருந்தது, பலமுறை கேட்டும் இருக்கிறார் என்று தீர்ப்பு எழுதினார் நீதிபதி. கிரயம் செய்து கொடுக்க வேண்டும்; தவறினால் கம்பவுண்டருக்குப் பதிலாக நீதிமன்றமே கையெழுத்திடும்.

கம்பவுண்டர் மேல்முறையீடு செய்யவில்லை. பதிவு அலுவலகத்தில் பேனாவை எடுக்கும்முன் காயில்காரர் கேட்டார்: "ஏங்கய்யா இப்படிப் பண்ணினீங்க? கூடுதலா யாராவது தர்றேன்னாங்களா?"

"ஒருத்தனும் இல்லை. ஒப்பந்தத்தை நீ நாலு பேர்கிட்ட காட்டினே. சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தே. இத்தனை குடையறானே, சுவருக்குள்ள ஏதோ புதையல் இருக்குன்னு இவனுக்குத் தெரிஞ்சிருக்குன்னு எனக்குப் பயம், அதான் இழுத்தடிச்சேன். அதெல்லாம் ஒண்ணுமில்லைன்னு மகன் திட்டினதும், அன்னைக்கு நிஜமாத்தான் கூப்பிட்டேன். நீ வரலை. உள்ளே இடிச்சுத் தேடறியோன்னுதான் சந்துக்கு வந்தேன்."

காயில்காரர் அந்த முகத்தை உற்றுப் பார்த்தார். நம்பலாமா என்று தெரியவில்லை. ஈரம் இருக்கிறதா என்று பார்க்கத்தான் சுவரைத் தட்டினேன் என்று சொல்ல வாயெடுத்து, சொன்னால் இவர் நம்புவாரா என்று விட்டுவிட்டார்.

கையெழுத்து முடிந்தது. கம்பவுண்டர் செருப்பை மாட்டிக்கொண்டே, "தம்பி, வீட்டுக் கிணத்து மோட்டார் முனகுது. சாயங்காலம் வந்து பாரேன்" என்றார்.

"கழட்டிக் கடைக்குக் கொண்டு வாங்க. வீட்டுக்கெல்லாம் வர்றதுக்கில்லை."

"நான் அங்கே போற நேரம் பார்த்து கடையை யாராவது..." என்று கூட வந்திருந்த மனைவியிடம் காயில்காரர் முணுமுணுத்தார்.

"ஏங்க, இப்பதான் அது நம்ம கடை ஆயிடுச்சே!"

"அதனாலதான்" என்று பத்திரத்தை இடுப்போடு அணைத்துக்கொண்டு வேகமாக நடந்தார் காயில்காரர். இந்த முறை பின்சந்து வழியாக.