மறுப்பு மட்டும் சின்ன எழுத்தில்

பேராசிரியர் குசுமாவதியை நான் முதன்முதலாகச் சந்தித்தது 2023 ஆகஸ்ட் 17, வியாழக்கிழமை, காலை ஒன்பதேகால் மணிக்கு. அப்போது அவர் செங்கம் சாலையிலுள்ள எங்கள் கல்லூரி வாயிலில் நின்று, தம்முடைய அஞ்சலிப் பதாகையை நிதானமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

பதாகையில் அவருடைய படம். படத்தைச் சுற்றி மாலை. இரு பக்கமும் குத்துவிளக்கு. மேலே கொட்டை எழுத்தில் ‘ஆசிரியரின் மரணம்’ என்றிருந்தது. கீழே அவர் பெயரும் தேதியும் நேரமும்.

அன்று எங்கள் தமிழ்த்துறையில் கருத்தரங்கு. ஒரு நூலின் பொருளைத் தீர்மானிப்பது வாசகரே, எழுதியவரின் நோக்கத்துக்கு அங்கே இடமில்லை என்னும் கொள்கையைப் பின்நவீனத்துவர்கள் ‘ஆசிரியரின் மரணம்’ என்பார்கள். அதை மறுத்துப் பேசவே குசுமாவதி வந்திருந்தார். ஃப்ளெக்ஸ் கடைக்காரருக்கோ ஆசிரியர் என்றால் வாத்தியார். மரணம் என்றால் மாலையும் விளக்கும். தலைப்பின் பிற்பாதியான ‘ஒரு மறுப்பு’ மூலையில் எறும்பு வரிசைபோல ஊர்ந்துகொண்டிருந்தது.

“செத்ததைப் பெருசா போட்டுட்டு மறுப்பை மட்டும் சின்ன எழுத்துல போட்டிருக்காங்க பாருங்க. பத்திரிகைக்காரங்க கிட்ட கத்துக்கிட்டிருப்பாங்க” என்றார் என்னிடம்.

பதாகையின் படம் முந்தைய நாள் சாயங்காலமே வாட்ஸ்அப்பில் ஊர் சுற்றிவிட்டது. கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு வேன் வந்து நின்றது. அவருடைய பழைய மாணவர் மணிவேல், இப்போது வேர்க்கடலை விவசாயி, ரோஜா மாலையுடன் அழுதபடி இறங்கினார். எதிரே ஆசிரியரைக் கண்டதும் மாலை கையிலேயே நின்றுவிட்டது.

“மேடம்… இன்னா மேடம் இது?”

“இன்னும் போகலடா மணிவேல்.”

“அப்ப இந்த மாலைய இன்னா பண்றது?”

“போடு. இப்பப் போட்டாத்தான் கழுத்துக்குத் தெரியும்.”

குசுமாவதி சமண வேளாண் குடும்பத்தில் பிறந்தவர். அரசுக் கல்லூரியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்று, வேங்கிக்காலில் புது வீடு கட்டிக் குடியேறியவர். சிற்றிதழ்களில் அவர் எழுதும் விமர்சனங்களுக்கு ஆதரவாளர் கம்மி, வாசகர் ஜாஸ்தி. அவரை எதிர்த்து எழுதியவர்களுள் முதன்மையானவர் எங்கள் துறையின் இளஞ்செழியன். குசுமாவதியின் எழுத்து ‘காலாவதியான மனிதநேயம்’ என்று எழுதியவரும் அவரே. இந்தக் கருத்தரங்குக்குக் குசுமாவதியை அழைத்தவரும், பதாகைக்கு வாசகம் எழுதிக் கொடுத்தவரும் அவரே.

இளஞ்செழியனின் வேலை ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் ஒப்பந்த வேலை. பதாகையைப் பார்த்த கல்லூரி முதல்வர் அவரைத் தம் அறைக்கு அழைத்தார். குசுமாவதியும் நானும் உடன் சென்றோம்.

“உயிரோட இருக்கறவங்களுக்கு அஞ்சலியா? நாளையிலேருந்து நீ வராத” என்றார் முதல்வர்.

“சார், அது ஃப்ளெக்ஸ் கடைக்காரரோட வாசிப்பு…”

“வாசிப்பா? உன் ஒப்பந்தத்தை நான் ஒரு வாசிப்பு வாசிக்கட்டுமா?”

இளஞ்செழியனின் முகம் வெளுத்தது. “என் நோக்கம் அது இல்ல சார். நான் எழுதிக் குடுத்தது வேற. இன்னா நினைச்சு எழுதினேன்னு பாருங்க சார்!”

எழுதியவரின் நோக்கத்தைத் தேடுவது வீண் வேலை என்று அந்த மாதம்தான் அவர் நீண்ட கட்டுரை ஒன்று வெளியிட்டிருந்தார். நான் குசுமாவதியைப் பார்த்தேன். அவர் கழுத்து மாலையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

“செத்தவ நான்தானேங்க? புகார் சொல்ல வேண்டியவளும் நான்தான். எனக்குப் புகார் இல்ல” என்றார் முதல்வரிடம். “அவரால எனக்கு ஒரு வேன் கூட்டம் ஜாஸ்தியா வந்திருக்கு. அவரை அனுப்பினா நானும் இப்பவே வீட்டுக்குப் போயிடுவேன். அப்புறம் மேடையில நீங்கதான் பேசணும்.”

முதல்வருக்கு மேடைப் பேச்சு என்றால் வியர்க்கும். இளஞ்செழியனின் வேலை தப்பியது.

மாலையுடனேயே மேடையேறினார் குசுமாவதி. ‘இன்னா நினைச்சு எழுதினேன்னு பாருங்க’ என்ற இளஞ்செழியனின் அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னால் போதும், வாதம் முடிந்துவிடும் என்று நான் காத்திருந்தேன். அவர் கடைசிவரை சொல்லவில்லை. மாறாகக் கடலை மூட்டையை உதாரணமாக எடுத்துக்கொண்டார்.

“அதிகாரத்தைக் கேள்வி கேக்கணும்னு இந்தக் கோட்பாடு சொல்லிச்சு; நல்லது. ஆனா உண்மையே இல்ல, எல்லாம் கதையாடல்னா, விவசாயி சொல்ற எடையும் ஒரு கதை, வியாபாரி சொல்ற எடையும் ஒரு கதை. அப்ப எவன் கதை ஜெயிக்கும்? எங்க சமயம் ஒரு பொருளைப் பல கோணத்துல பாருன்னு சொல்லுது. பாக்கறதுக்கு அங்க பொருளே இல்லன்னு சொல்லல.”

பின்வரிசையில் மணிவேல் தலையைப் பலமாக ஆட்டினார்.

இளஞ்செழியன் எழுந்தார். “அந்தத் தராசைச் செஞ்சது யாரு மேடம்?”

“அப்படிக் கேளுங்க!” குசுமாவதியின் முகம் மலர்ந்தது. “மனுஷன்தான் செஞ்சான். அதனால தப்பு வரும். வருஷா வருஷம் சோதிச்சு முத்திரை போடணும். தராசு தப்புன்னா திருத்துங்க. எடையே கிடையாதுன்னு மட்டும் சொல்லாதீங்க.”

கேள்விகள் நீண்டன. ஐந்தரை மணிக்கு அவர் கைகூப்பினார். “எங்க சமய வழக்கப்படி பொழுது சாயறதுக்குள்ள நான் சாப்பிடணும். மீதி உண்மைய நீங்க கண்டுபிடிங்க.”

அந்த வாக்கியத்தை ஏன் பயன்படுத்தவில்லை என்று பின்னொரு நாள் அவரிடம் கேட்டேன்.

“அது அவரோட வாதம் இல்லீங்க, வேலை போயிடுமேங்கற பயத்துல வந்த வார்த்தை. அதை வச்சு ஜெயிச்சா நான் அவரை மறுத்ததா ஆகுமா?”

இதை எழுத இளஞ்செழியனிடம் அனுமதி கேட்டேன். “எழுதுங்க சார். உங்க நோக்கம் இன்னான்னு மட்டும் நான் முடிவு பண்ணிக்கிறேன்” என்று சிரித்தார். சென்ற மாதமும் அவர் குசுமாவதியைத் தாக்கிப் பதினாறு பக்கம் எழுதியிருக்கிறார். குசுமாவதி அதற்கு இருபது பக்க மறுப்பு எழுதினார். இரண்டு முறை படித்துப் பார்த்தேன். முதல்வர் அறையில் பிறந்த அந்த வாக்கியம் அதிலும் இல்லை.