நாங்கள் ஏறாத பலேர்மோக் கப்பல்

முதலில் ஒரு முனகல். பிறகு கொப்பளிப்பு, சீறல். பிறகு சட்டென்று ஓர் அடக்கம். அடுப்பில் வைத்த அந்தச் சின்ன அலுமினியக் கோப்பிக் கேத்தில் இப்படித்தான் இரையும். ரொறொன்ரோவின் மில்லிக்கன் பகுதியில் எங்கள் குசினி ஜன்னலுக்கு வெளியே ஸ்ரீல்ஸ் வீதியின் வாகனங்கள் ஊர்ந்துகொண்டிருக்கும். எனக்கோ நாப்போலித் துறைமுகம் கண்ணுக்குள் வந்து நிற்கும். வந்ததும் நெஞ்சு கூசும்.

கேத்திலைத் தந்தது அக்கா. பெரியம்மாவின் மகள். யுத்தம் எங்களை வாரி எறிந்தபோது நான் ரொறொன்ரோவில் விழுந்தேன், அவர் இத்தாலியின் தெற்குத் தீவில், பலேர்மோவில். கலியாணம் கட்டவில்லை, தனி ஆள். அங்கே ஒரு வயோதிபப் பெண்ணின் வீட்டோடு இருந்து அவரைக் குளிப்பாட்டி, சமைத்துக் கொடுக்கிற வேலை. தொலைபேசியில் எதைக் கதைத்தாலும் கடைசியில் இங்கேதான் வந்து முடிப்பார்: "எப்பயடா வாறாய்? ஒருக்கா வந்திட்டுப் போவன்."

"ஓம் அக்கா, வாறன், வாறன்."

பிறகு இத்தாலிக்குப் போனோம். அவருக்குச் சொல்லாமல்.

எங்கள் ஆட்கள் இருக்கிற நாட்டுக்குப் போய் ஹோட்டலில் தங்குவது முகத்தில் அடிப்பது மாதிரி. அக்காவிடம்தான் இறங்க வேண்டும். இறங்கினால் பலேர்மோவில் அவருக்குத் தெரிந்த வீடெல்லாம் விருந்துக்குக் கூப்பிடும். ஒரு வீட்டில் கை நனைத்து இன்னொரு வீட்டை விட்டால், அந்தக் கோபத்தை நாங்கள் திரும்பிப் போன பிறகு அக்காதான் சுமக்க வேண்டும். எனக்கோ கல்லும் கடலும் வேண்டியிருந்தன. "இடியப்பத்துக்கு முன்னாலை குந்தியிருக்கவோ இவ்வளவு தூரம் போறது?" என்று மனைவிக்குப் பகிடி விட்டேன். அவள் சிரிக்கவில்லை. படம் ஒன்றும் போனில் போடக்கூடாது என்று மகளுக்குச் சொன்னேன்.

"அப்ப நாங்கள் மாமியிட்ட இருந்து ஹைட் பண்ணுறமா?"

"இல்லை. பிறகு சொல்லுவம்."

ரோமில் அந்தப் பழைய அரங்கின் வளைவுகளுக்குள்ளால் வெயில் ஒவ்வொன்றாக இறங்கி வந்தது. புளோரன்ஸில் பாலத்தின் மேல் கடைகள். பாலம் என்பதே மறந்து நடந்து, ஒரு இடைவெளியில் திடீரென்று ஆறு. வெனிஸில் தண்ணீர் வாசற்படிகளை நக்கிக்கொண்டிருந்தது, வெளியே போ என்று சொன்னாலும் போகாத நாய் போல. அமல்பிக் கரையில் வீடுகள் மலையைப் பிடித்துத் தொங்கின; எலுமிச்சை மணத்தோடு கடல் ஏறி வந்தது. நான் நிற்கவில்லை. எங்கே நின்றாலும் அடுத்த இடம் இழுத்தது. பார்க்கிற வேகத்தில் எதையோ பார்க்காமல் விட்டுக்கொண்டு வந்தேன்.

நாப்போலியில் ஒரு கோப்பிக்கடை. எல்லாரும் நின்றபடியே குடித்தார்கள். கோப்பியோடு ஒரு குட்டிக் கிளாசில் தண்ணீர் வந்தது. நான் கோப்பியைக் குடித்துவிட்டுத் தண்ணீரை எடுத்தேன். கடைக்காரர் தலையை ஆட்டி, சைகையில் திருத்தினார்: தண்ணீர் முதலில், வாயைக் கழுவ; பிறகுதான் கோப்பி. அன்றிலிருந்து அது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

அன்று மாலை துறைமுகத்தில் ஒரு வெள்ளைக் கப்பல் நின்றது. பயணிகள் ஏறும் இடத்துப் பலகையில் பலேர்மோ என்று எழுதியிருந்தது. இரவு ஏறினால் விடியப் போய் இறங்கலாம்.

மனைவி பலகையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், "ஒருக்காப் போய்த் தலையைக் காட்டிப்போட்டு வருவமே?"

"போனால் விடமாட்டா."

கப்பல் ஊதியது. நான் வேறு பக்கம் திரும்பிக் கடலைப் படம் எடுத்தேன்.

அடுத்த கோடையில் ஒரு சொந்தக்காரக் கலியாணத்துக்கு அக்கா ரொறொன்ரோ வந்தார். எங்கள் வீட்டில்தான் தங்கினார், வேறெங்கே தங்குவார்? வர முதல், நாங்கள் எடுத்து மாட்டியிருந்த புளோரன்ஸ் படத்தைக் குசினிச் சுவரிலிருந்து கழற்றி பேஸ்மென்றில் வைத்தேன். சுவரில் ஆணி மட்டும் மிஞ்சியது. அக்காவின் பெட்டியில் எனக்குக் கேத்தில், மகளுக்குப் பாதாம் இனிப்பு, மனைவிக்கு ஒரு சால்வை.

ஒருநாள் சாப்பாட்டு மேசையில் மகள் கேட்டாள், "மாமி, ரோம் பிடிக்குமா, வெனிஸ் பிடிக்குமா?"

"நான் எங்கையம்மா கண்டன்? ரோமில பிளேன் மாறினதுதான். வெனிஸ் எங்கட வீட்டுக் கலண்டரில தொங்குது."

"ஏன் போகேல்லை?"

"தனியப் போய் என்னத்தைப் பாக்கிறது? படம் எடுக்கவும் ஒரு ஆள் வேணுமெல்லே. கொப்பா உங்களைக் கூட்டிக்கொண்டு வருவான், எல்லாருமாப் போவம் எண்டு லீவைச் சேர்த்து வைச்சிருக்கிறன். கிழவியிட்டயும் சொல்லிப்போட்டன், என்ர தம்பி வந்தால் நான் நிக்கமாட்டன் எண்டு."

மகளின் கை சோற்றில் நின்றது. அவள் என்னைப் பார்த்தாள். மனைவி தண்ணீர்ப் போத்தலை எடுக்கிற சாட்டில் எழும்பிப் போனாள்.

நான் பயந்த விருந்துகள் எல்லாம் என் கற்பனை. அந்த மனிசி எங்களோடு ஊர் பார்க்க வெளிக்கிட அல்லவா காத்திருந்தது!

"வருவம் அக்கா," என்றேன்.

அவர் திரும்புகிற நாள் காலை கேத்தில் இரைந்தது. அக்கா கோப்பியை ஊற்றி, பக்கத்தில் குட்டிக் கிளாசில் தண்ணீரும் வைத்தார். நான் குசினி மேசையடியில் நின்றபடி, யோசியாமல், தண்ணீரை முதலில் குடித்தேன். பிறகு கோப்பி, இரண்டு மிடறு.

அக்கா கேத்தில் மூடியைக் கையில் வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"தண்ணியை முதல்ல குடிக்க ஆரடா உனக்குப் பழக்கினது?"

"டிவியில பாத்தது."

"ம்," என்றார். "நல்ல டிவி." அவருடைய கண் சுவரில் வெறுமனே நின்ற ஆணிக்குப் போய் வந்தது. பிறகு கேத்திலைக் கழுவினார், நெடுநேரம், அது சுத்தமான பிறகும்.

விமான நிலையத்துக்குப் போகிற வழியெல்லாம் வாயைத் திறந்து திறந்து மூடினேன். ஒருதரம் "அக்கா" என்று தொடங்கியும்விட்டேன். "ரோட்டைப் பார்த்துக் காரை ஓடு," என்றார்.

உள்ளே போகிற வாசலில் மகளைக் கொஞ்சினார். மனைவியின் கன்னத்தைத் தடவினார். என் சேட்டுக் கொலரை, சின்ன வயதில் செய்வதுபோல, இழுத்து நேராக்கினார்.

"போய் இறங்கின உடனை போன் எடுங்கோ அக்கா."

"ஓம், எடுக்கிறன்." பையைத் தோளில் மாட்டினார். "அடுத்தமுறை வரேக்கை சொல்லிப்போட்டு வாடா. நானும் வெளிக்கிட்டு நிக்கிறன்."