நான் அழித்த ஒரே வரி

காலை பதினொன்று இருபது. என் ஆய்வுத் தரவை இணையத்தில் ஏற்றிய நேரம் அது. எல்லாம் கோணலாகத் தொடங்கியதும் அப்போதுதான்.

கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டே, திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்துப் பெண்பிள்ளைகளின் மூச்சிரைப்பைப் பற்றி ஆய்வு செய்கிறேன். திறந்த அறிவியல் என்று ஒரு பயிற்சிக்குப் போனேன். தரவைப் பூட்டி வைக்கக் கூடாது, கொடுத்தவர்களுக்கும் காட்ட வேண்டும் என்றார்கள். சரி என்று பட்டது. பெயர்களை நீக்கிவிட்டுக் கோப்பை ஏற்றினேன். சுட்டியை, கடைசியாகப் போய்க் கேட்ட தெருவின் தாய்மார்கள் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஒவ்வொரு வரியின் கடைசியிலும் 'குறிப்பு' என்று ஒரு கட்டம். வீடு வீடாக உட்கார்ந்து கேட்டபோது எனக்காகக் கிறுக்கியவை. அவற்றை நீக்க மறந்தே போனேன். ஒன்றில் இப்படி இருந்தது: "தாய் காசிமேட்டில் மீன் வெட்டுகிறார். பெண்ணுக்கு மீஞ்சூரில் வரன் பேசுகிறார்கள். இன்ஹேலர் விஷயம் வெளியே சொல்ல வேண்டாம்."

அந்தத் தெருவிலிருந்து காசிமேட்டுக்கு மீன் வெட்டப் போகிறவர் ஒருவர்தான்.

சாயங்காலத்துக்குள் செய்தி மீஞ்சூர் வரை போய்விட்டது. கோப்பை நீக்கினேன்; அதன் பழைய பதிப்பு அந்தத் தளத்தில் அப்படியே நின்றது. அதையும் மறைக்கச் சொல்லித் தளத்தாருக்கு எழுதிவிட்டு அந்த அம்மாவுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை.

இதைவிட மோசமான ஒன்றையும் எழுத வேண்டும். ஏற்றுவதற்கு முன் ஒரே ஒரு வரியை மட்டும் நிதானமாகப் படித்திருந்தேன். பன்னிரண்டாம் வகுப்பு, தாய் ஆசிரியை. என் மகள். அவள் பையிலும் இன்ஹேலர் இருக்கிறது. யாராவது பார்த்துவிட்டால் என்ற பயத்தில் அந்த வரியை முழுதாக அழித்தேன். எதையும் மறைக்கக் கூடாது என்று கற்றுக்கொண்டு வந்து, முதல் வேலையாக அதைத்தான் செய்தேன்.

அந்த அம்மா முதலில் எதுவும் சொல்லத் தயங்கியவர். என் மகளுக்கும் இருக்கிறது, அவளையும் இதே பட்டியலில் சேர்த்திருக்கிறேன் என்று சொல்லித்தான் நான் அவரைப் பேச வைத்தேன்.

மறுநாள் மாலை அவரே வந்தார். சேலை முந்தானையில் மீன் செதில் ஒட்டியிருந்தது. உள்ளே வரச் சொன்னேன், வாசலைத் தாண்டவில்லை. மீஞ்சூர்க்காரர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். உள்ளே என் மகள் இருமினாள். அவர் அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

"நீ போட்ட லிஸ்ட்ட பக்கத்து வூட்டுப் புள்ளைய ரெண்டு தபா படிக்கச் சொல்லிக் கேட்டேன், டீச்சரம்மா. எம் பொண்ணு அதுல கீறா. உம் பொண்ணு எங்க?"