அக்கிக்குச் சிங்கம் எழுதிக்கொண்டவர்

கம்பவுண்டர் வேலையில் மருந்து கலக்குவது சுலபம்; வந்தவர் வாயிலிருந்து உண்மையை வரவழைப்பதுதான் பாடு. கவுன்ட்டருக்குப் பின்னால் நின்றவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாட்டில்களைப் பார்த்தே தொழில் படித்தவன் நான். இதையெல்லாம் அப்போது வீட்டில் சொன்னதில்லை. இப்போது கேட்க வீட்டில் ஆளில்லை.

நண்பருக்கு

அறுபதுகளின் கடைசியில் தாம்பரத்தில் ஒரு டாக்டரிடம் இருந்தேன். ஊரப்பாக்கத்திலிருந்து ஒரு குமாஸ்தா வந்தார். மனைவி பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். நண்பருக்கு மறைவிடத்தில் கொத்தாக நீர்க்கொப்புளமாம், எரிகிறதாம். நண்பரை அழைத்து வரச் சொன்னேன். அடுத்த மூன்று நாளும் தனியாகவே, காலை அகட்டி அகட்டி நடந்து வந்தார். நான்காம் நாள் சொன்னார்: "அவருக்கு லீவு கிடைக்கலை சார். வேணும்னா நானே காட்டிடறேன்."

சிங்கம்

திரைக்குப் பின்னால் பார்த்தால், தொடையில் காவியால் ஒரு சிங்கம்! அக்கிக் கொப்புளம் வந்தால் குயவரிடம் போய்ச் சிங்கம் எழுதிக்கொள்வது நம் பக்கத்து வழக்கம். புண் இருந்த இடத்தைக் காட்ட வெட்கப்பட்டு, இவர் தொடையை நீட்டியிருக்கிறார்.

டாக்டர் ரத்தம் சோதித்தார், சிபிலிஸ் என்கிற மேகநோய் இல்லை. "இது உறவில் ஒட்டும் கிருமி. புண் தானே ஆறும், கிருமி உடம்பிலேயே தங்கும், திரும்பவும் வரும். உப்புத் தண்ணீரில் கழுவி உலர்த்துங்கள். புண் இருக்கும்போது மனைவியை நெருங்காதீர்கள், அவரிடம் சொல்லியும் விடுங்கள்" என்றார். நானும் களிம்பைக் கொடுத்து அதையே மூன்று தடவை சொன்னேன். இரண்டு வாரத்தில் புண் ஆறியது. வந்து சொன்னார்: "சிங்கம் வேலை செஞ்சிடுச்சு சார். உங்க களிம்பு எரிஞ்சதுதான் மிச்சம்."

சீட்டு

ஐந்து மாதம் கழித்து வெளிறிப்போய் வந்தார். கொப்புளம் திரும்பியிருந்தது, மறுநாள் மனைவியும் கைக்குழந்தையும் வருகிறார்கள். "உடம்புச் சூடு, தனியாப் படுக்கணும்னு டாக்டர் சீட்டுல எழுதிக் குடுங்க சார்" என்று என் கையைப் பிடித்தார். எனக்குக் கோபமே வந்துவிட்டது. "ஒவ்வொரு தடவையும் சீட்டு எழுதுவேனா? அந்தம்மாவுக்கு ஒட்டினால் யார் பதில் சொல்வது? கையைக் கழுவாமல் குழந்தையையும் தொடக் கூடாது, தெரியுமா? போய்ச் சொல்லுங்கள்" என்று அனுப்பினேன்.

மூன்றாம் நாள் அந்தம்மாவே வந்தார். கணவர் வாசலில் குழந்தைத் துணிப்பையோடு நின்றார், தலை நிமிரவில்லை. அந்தம்மா நிதானமாகச் சொன்னார்: "என்னன்னு சொல்லிட்டார் சார். நெருங்கவும் இல்லை. எனக்கு முன்னாடியே ஒட்டியிருக்கான்னு டாக்டர் பார்த்துடட்டும். எப்படி வந்துதுன்னு வீட்டுக்குப் போய் நான் கேட்டுக்கறேன்."

கொப்புளம் இரண்டு வாரத்தில் ஆறிவிடுகிறது, அதை மனைவியிடம் சொல்லத்தான் ஆண்பிள்ளைக்கு ஐந்து மாதமும் ஒரு கம்பவுண்டரின் கோபமும் தேவைப்படுகிறது.